கல்கிசைக்கு ஒரு டிக்கட்

புதுக்கடையில் இருபத்திரண்டு வருடம்
பிறருக்கு மனு எழுதியவன் நான்.
கனம் நீதிபதி அவர்களுக்கு, தாழ்மையுடன்,
என்று தொடங்கினால்
குத்தியவனும் இரண்டாம் பக்கத்தில்
குத்துப்பட்டவன் போலத் தெரிவான்.
அது தொழில்.
அன்று அதை எனக்கே செய்தேன்.

கோட்டையில் ஐந்து பத்து றெயில்.
கந்தோர் சனத்துக்குள் ஜன்னலோரம் இடம் கிடைத்தது;
அதையே ஒரு சாதகமாகக் குறித்துக்கொண்டது மூளை.
சட்டைப்பையில் டிக்கட்,
கடற்கரையோர விடுதி ஒன்றின் பெயர்.
அறை எண் தெரியாது.
சாருமதி முதலே போயிருப்பாள்.

முதலாம் நியாயம்: எமரென்சியா குவைத்தில்.
ஏழு வருடம். யாரோ பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள்.
ஒரு மனுசன் எவ்வளவு காலத்துக்குத்தான்.
இரண்டாம் நியாயம்: யாருக்கும் தெரியாது, யாருக்கும் நட்டமில்லை.
மூன்றாம் நியாயம்: இயற்கை.

இயற்கையைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன்.
கொள்ளுப்பிட்டி தாண்டக் கடல் வந்தது,
தண்டவாளம் வரைக்கும் எச்சில் தெறிக்க.
கருங்கல் அணையில் காகங்கள் சோடிசோடியாக.
பார், என்றேன்,
இவை எந்தக் கோவிலில் கைப்பிடித்தன?
சொல்லி வாய் மூடவில்லை,
ஒன்று மற்றதன் கண்ணைக் கொத்தி
மீன்குடலைப் பறித்துக்கொண்டு போயிற்று.
அதையும் பதியத்தான் வேண்டும்.
பிடித்த இடத்தில் சாட்சியை நிறுத்த
எந்த மன்றமும் விடாது.
காகத்திடம் காமத்துக்குச் சட்டம் கேட்டால்
களவுக்கும் சேர்த்தே சொல்லும்.

உடம்பு அழுக்கு என்று
எங்கள் கோவில் எனக்குச் சொன்னதில்லை.
பூசையில் பீடத்துக்கு மேல் உயர்த்திக் காட்டுவது
ஒரு கருத்தையா? உடம்பைத்தானே.
மணி அடிக்கும், முழங்கால் படியிடுவோம்.
அந்த முழங்கால்தான் இது,
றெயில் ஆட்டத்தில் நடுங்குவது போல
நான் பாசாங்கு செய்கிற இது.

அறிவு விளக்கு என்றார்கள் ஞானோபதேசத்தில்.
சரிதான். தந்தவர் அவர்.
ஆனால் கள்ளனும் விளக்கோடு வந்தால்
நல்ல சாமானாகப் பார்த்துத்தான் எடுப்பான்.

பம்பலப்பிட்டியில் யாரோ இறங்க, யாரோ என் காலை மிதிக்க,
ஏனோ அந்த நேரம் ஞாபகம் வந்தது,
போன நோன்பு காலத்தில் எமரென்சியா எடுத்த கோல்.
தண்ணீர் பைப்பைத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் கதைத்தாள்.
முதலாளியின் தம்பி குசினி வாசலில் நின்று சொன்னானாம்:
உன் புருசன் எங்கேயோ,
எத்தனை வருடம் இப்படி,
யாருக்குத் தெரியப்போகிறது,
இதெல்லாம் இயற்கைதானே.
இரவில் அவள் கதவைப் பூட்டி
மா மூட்டையை இழுத்து வைத்துப் படுக்கிறாள்.

என் மனு.
வரிசைகூட மாறாத என் மனு,
அரபு வாயில்.

அன்று அதில் ஓட்டை எங்கே என்று
ஒரு விநாடியில் தெரிந்தது எனக்கு.
சுவரில் அடித்த கை மூன்று நாள் வீங்கியிருந்தது.

வித்தியாசம் உண்டு, என்றது மூளை, விடாமல்.
அவன் மிரட்டினான். சாருமதி விரும்பி வருகிறாள்.
உண்டு. பெரிய வித்தியாசம்.
மறுக்கவில்லை.
ஆனால் இந்த வழக்கில்
அழைப்பாணை அனுப்பப்படாத ஒருத்தி இருக்கிறாள்,
மா மூட்டைக்குப் பின்னால்,
என் பெயர் பொறித்த மோதிரத்தை
சவர்க்காரம் போட்டுக் கழற்றாமல் கழுவிக்கொண்டு.

வெள்ளவத்தையில் இறங்கினேன்.
கிருபை என்று சொல்ல ஆசை.
உண்மையில் கால் இறங்கிவிட்டது, பிறகுதான் நான்.

சாருமதிக்கு நாலு விதமாக எழுதி நாலையும் அழித்தேன்.
காரணம் காட்டக் காட்ட
அவளைக் குற்றவாளி ஆக்குகிற மாதிரியே வந்தது.
கடைசியில்: நான் வரவில்லை. பிழை என்னுடையது.
இரண்டு நீலக் கோடு. பதில் இல்லை.

மேடை முழுக்க உப்புக்காற்று.
உடம்பு இன்னும் கல்கிசைக்கே போய்க்கொண்டிருந்தது.
வாசலில் டிக்கட் வாங்குகிறவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
இன்னும் இரண்டு ஸ்டேஷன் போகலாமே ஐயா?

ஓம், என்றேன்.
இருபத்திரண்டு வருடத்தில்
அதற்கு மேல் ஒரு வரி
எழுத வராதது அப்போதுதான்.